சலூனுக்கு வந்த பிரெஞ்சு அறுவை மருத்துவர்

இந்தக் கட்டுரையில் என் பெயரை எழுதப்போவதில்லை. இதில் வருகிற யாருடைய பெயரும் இருக்காது. எங்கள் பக்கம் ஒருவரிடம் பெயரைக் கேட்டால் அடுத்த கேள்வி அப்பா பெயர், அதற்கடுத்த கேள்வி எந்தத் தெரு. மூன்றாவது பதில் வந்ததும் ஆளை எங்கே உட்காரவைப்பது என்று முடிவாகிவிடும். ஆகவே பெயரை விட்டுவிட்டு நேராகத் தெருவிலிருந்தே தொடங்குகிறேன். நான் குருவிநத்தத்தில் முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவள். இப்போது அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மருத்துவர்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

அப்பா முடி வெட்டினார், சவரம் செய்தார், கட்டி கீறினார், ஆடுகிற பல்லைப் பிடுங்கினார். அம்மா பிரசவம் பார்த்தாள். பாகூரில் ஆஸ்பத்திரி வந்த பிறகும் பழக்கம் விடாத வீடுகள் இருந்தன. ஒருமுறை கரும்பு போடுகிற பெரிய வீட்டுக்காரர் ஒருவருக்குப் பிடரியில் ராஜபிளவை என்கிற பெரிய சீழ்க்கட்டி வந்து, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்கு ஆள் வந்தது. மாட்டுக்கொட்டகையில் கட்டிலைப் போட்டு, அங்கே வைத்துத்தான் கீறச் சொன்னார்கள். சீழெல்லாம் வெளியேற்றி, வெந்நீரில் கழுவி, துணி திணித்துக் கட்டி முடித்து அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே, அவர் நின்ற இடத்தைச் சாணம் கரைத்து மெழுக ஆரம்பித்தார்களாம். "கால நவுத்து" என்று அவரிடமே சொல்லி மெழுகினார்களாம். அந்தப் பெரிய வீட்டுக்காரர் பிழைத்து வெகுகாலம் இருந்தார். அப்பா இதைச் சொல்லும்போது அவர் பிழைத்ததைத்தான் சொல்வார். சாணத்தைப் பற்றிச் சொன்னது அம்மா.

மருத்துவக் கல்லூரியில் காயம் தைக்கப் பழகிய முதல் வாரத்தில் பேராசிரியர் என் கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "கை நல்லா வருதே. வீட்டுல யாராவது சர்ஜனா?" என்று கேட்டார்.

"இல்ல சார். எம்ப்ராய்டரி போடுவேன்" என்றேன்.

வாழ்க்கையில் நான் எம்ப்ராய்டரி ஊசியைத் தொட்டதே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த பொய். அப்பா தொழில் என்ற கட்டத்தில் விவசாயம் என்று எழுதினேன். கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்குப் பின்னால் குருவிநத்தம் என்று ஊரைப் போட்டு நிறுத்திக்கொண்டோம். சக மருத்துவர்கள் வீட்டைப் பார்க்க வருகிறேன் என்றால் ஏதாவது காரணம் சொல்லிக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். யாரும் என்னை மிரட்டவில்லை. நானாகத்தான் ஒளிந்தேன்.

இந்த ஒளிதலிலிருந்து என்னை வெளியே இழுத்தது, செத்து இருநூறு வருடமாகிற ஒரு பிரெஞ்சுக்காரர்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி என்பதால் எங்கள் பள்ளியில் பிரெஞ்சும் உண்டு; அதை எடுத்தால் மார்க்கை அள்ளலாம் என்பார்கள். அதற்காக எடுத்ததுதான். கவிதையும் இலக்கணமும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிட்டேன். பல வருடங்கள் கழித்து, பயிற்சி மருத்துவர்களுக்குக் கால் எடுக்கும் அறுவையைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் மருத்துவமனையில் சர்க்கரை நோயால் விரலோ பாதமோ எடுக்காத வாரம் கிடையாது. மயக்க மருந்து இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்று இரண்டு வரி சொன்னால் பிள்ளைகள் தூங்காமல் கேட்பார்கள் என்று இணையத்தில் தேடினேன். அப்போதுதான் ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகத்தின் ஸ்கேன் பிரதி கிடைத்தது. புரட்சிக் காலத்தில் வாழ்ந்த ஓர் அறுவை மருத்துவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. பழைய அச்சு, எழுத்துகள் மங்கியிருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் படிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அந்த முதல் பக்கத்தின் முதல் வாக்கியத்திலேயே, தான் ஒரு நாவிதரின் இரண்டாவது மகன் என்று அவர் எழுதியிருந்தார்.

ஓ.பி. முடிந்த மதியம் அது. டியூட்டி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். எதற்குச் சாத்தினேன் என்று அப்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவருடைய கதையை இங்கே சுருக்கிச் சொல்கிறேன். பிரான்சின் வடக்கே ஒரு சிற்றூர். அங்கே அவருடைய அப்பாவும் என் அப்பா மாதிரியேதான். சவரம், கட்டி, பல், எலும்பு முறிவு எல்லாம் ஒரே கை. மருத்துவர் என்பவர் வேறு. அவர் நீள அங்கி போட்டுக்கொண்டு லத்தீன் படித்தவர். நோயாளியைத் தொடமாட்டார். தள்ளி நின்று கைத்தடியால் காட்டுவார், நாவிதர் அறுப்பார். பிழைத்தால் பெருமை மருத்துவருக்கு, செத்தால் பழி நாவிதருக்கு. மருத்துவர் முன்வாசலில் போவார், நாவிதர் சமையலறைப் பக்கமாகப் போவார். இதைப் படித்தபோது எனக்குப் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றியது. ஆனால் மூட முடியவில்லை.

அந்த இரண்டாவது மகன் அப்பாவிடம் கத்தி பிடிக்கப் பழகி, பாரீசுக்கு நடந்தே போய், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டுத் துணி துவைக்கிற வேலையில் சேர்ந்து, மெல்ல மெல்ல அறுவை மருத்துவர் ஆனார். புரட்சி வெடித்தது. சிறைக்கோட்டையைத் தாக்கிய நாளில் அடிபட்டவர்களைத் தெருவிலேயே கிடத்தி வைத்தியம் பார்த்தார். கோட்டைக்கு வெளியே நின்றவன், உள்ளே நின்றவன் என்று பார்க்கவில்லை. பிறகு ராணுவத்தோடு எல்லைக்குப் போனார். சேற்றில் நின்று கைகால்களை எடுத்தார். அங்கே அவருக்கு வந்த கட்டுத்துணி மூட்டைகளில் பாதி மக்கிப்போயிருந்தது. யார் அதை விற்றது, யார் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியது என்று விசாரித்துப் பத்திரிகையில் எழுதினார். புரட்சியின் பேரால் பணம் பண்ணுகிறவர்களைப் பற்றி எழுதினார். அடுத்து, விசாரணையே இல்லாமல் தலைகள் விழுவதைப் பற்றி எழுதினார். அதோடு அவரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். சிறையில் காவலாளியின் பல் சீழை வடித்தார், கூட இருந்த கைதிகளுக்குச் சொறிக்கு மருந்து போட்டார். தன் தலைக்கு எந்த நாளும் ஆள் வரலாம் என்று தெரிந்தும், எழுதியது தவறு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விடுகிறோம் என்றபோது எழுதிக் கொடுக்கவில்லை. ஆட்சியில் இருந்தவர்கள் கவிழ்ந்ததால்தான் தலை தப்பியது.

வெளியே வந்தபோது நாடு மாறியிருந்தது. புதிதாகத் தொடங்கிய மருத்துவப் பள்ளிகளில் லத்தீன் மருத்துவனும் கத்தி பிடிக்கிறவனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்று சட்டம் ஆகியிருந்தது. நாவிதர் மகன் அங்கே ஆசிரியராகப் போய் நின்றார்.

இதைத் தமிழில் எழுதியே ஆக வேண்டும் என்று தீர்மானித்தேன். இரண்டு வருடம் பிடித்தது. ஓ.பி.க்குப் பிறகும், தியேட்டரில் அடுத்த நோயாளிக்காகக் காத்திருக்கும்போதும் எழுதினேன். முழு மொழிபெயர்ப்பு இல்லை. அவருடைய வாழ்க்கையை எங்கள் ஊர் ஆளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். முன்னுரையில் என் அப்பாவைப் பற்றி எழுதினேன். ராஜபிளவை, மாட்டுக்கொட்டகை, சாணம் எல்லாம். பின்னட்டையில், ஆசிரியர் குருவிநத்தத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தவரின் மகள் என்று போட்டேன். வில்லியனூரில் ஓர் அச்சகத்தில் அடித்து, கட்டுக்கட்டாகக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பாகூரில் ஒரு வாசகர் வட்டம் உண்டு. அதை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். நல்ல படிப்பாளி, பிள்ளைகளுக்குக் கைக்காசில் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர். என் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரே போன் செய்தார். பிரெஞ்சுப் புரட்சி நாளான ஜூலை பதினான்கை ஒட்டி வெளியீடு வைத்துக்கொள்ளலாம், டவுனிலிருந்து பெரிய ஆட்களைக் கூப்பிடலாம், கல்யாண மண்டபம் இலவசமாகக் கிடைக்கும் என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு பிரதி கொடுத்தனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடிக்கும்வரை புத்தகத்தைப் புகழ்ந்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு தடவினார்.

"டாக்டர், ஒரே ஒரு விஷயம். அந்த முன்னுரை வேணாமே, கிழிச்சிடலாம். பின்னட்டையில இருக்கிற வரி மேலயும் ஏதாவது ஒட்டிடலாம்."

"ஏன் சார்?"

"பிரெஞ்சுக்காரன் யார் மகனா வேணா இருந்துட்டுப் போவட்டும். அது வேற நாடு. நீங்க எதுக்கு உங்களச் சொல்லிக்கணும்? இன்னிக்கு உங்கள யாரு அப்பிடிப் பாக்குறாங்க? டாக்டரம்மான்னு எழுந்து நிக்கறாங்க."

"எழுந்து நிக்கறவங்களுக்குத் தெரியட்டும் சார்."

"மண்டபம் யாருதுன்னு தெரியுமில்ல? அந்த மாட்டுக்கொட்டகை யாரு வூட்டுதுன்னு நீங்க பேர் போடல. ஆனா ஊர்ல யாருக்குத் தெரியாது? அவங்க மண்டபத்துல, அவங்க போட்ட நாற்காலியில உக்காந்து, இத்த எப்பிடிப் படிக்கறது?"

அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. எனக்கு அது அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். என் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று அவரே நம்பினார். ஆனால் என்னைப் பேச்சுக்குப் பேச்சு நீங்க என்கிறவர், அடுத்த வாக்கியத்தில், "உங்க அண்ணன் அதே ஊர்ல கட போட்டுப் பொழைக்கறான். அவன யோசிச்சியா நீ?" என்றார். நான் நீ ஆகிவிட்டேன். என்னைவிட ஐந்து வயது மூத்த, பேரன் எடுத்த என் அண்ணன், அவன் ஆகிவிட்டார்.

"புரட்சி நாள்ல கூட்டம் போடுறீங்க. எல்லாரும் சமம்னு பேசப்போறீங்க. என் அப்பா மட்டும் மண்டபத்துக்குள்ள வரக்கூடாது, அப்படித்தானே சார்?" என்று கேட்டேன்.

"அப்பிடி இல்லம்மா."

"முன்னுரை இருக்கும். பின்னட்டையும் இருக்கும்."

அவர் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள், மண்டபம் வேறொரு விசேஷத்துக்குப் பதிவாகிவிட்டது என்று வட்டத்திலிருந்து செய்தி வந்தது.

அன்று சாயங்காலமே அண்ணன் கடைக்குப் போனேன். பாகூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடை. சுழல் நாற்காலி மூன்று, நீளக் கண்ணாடி, சுவரில் தொலைக்காட்சி. நடந்ததைச் சொல்லிவிட்டு, "ணா, உன் கடையில வெளியிடலாமா?" என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை வெளியே அழைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா பேசற நீ? ஒனுக்கு இன்னா, மாசமானா சம்பளம் வருது. கூட்டம் முடிஞ்சதும் காரு ஏறிப் பூடுவ. காலைல கடயத் தொறந்து நிக்கறவன் நான். பெரிய வூட்டாளுங்க நாலு பேரு வர்லனா அவங்க பின்னாடி நாப்பது பேரு வர மாட்டான். அந்தாண்ட ஏசி சலூன் வேற தொறந்துட்டான்."

"அப்பாவப் பத்தித்தானே எழுதியிருக்கேன்?"

"அப்பா எங்க யாருகிட்டயாவது போயி அத்த எழுது இத்த எழுதுன்னு கேட்டாரு? ஒனுக்கு இப்பதான் வாய் தொறக்குது. நாங்க தெனம் அதுலயே கெடக்கறம்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. ஒரு பிரதியைக் கடைப் பலகைமேல் வைத்துவிட்டு வந்தேன். வெளியீடே வேண்டாம், ஆளாளுக்குத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் முன்னுரையைக் கிழிப்பதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

பத்து நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். "வூட்டுல இருக்கியா, ஆஸ்பத்திரியா?" என்றார். வீட்டில்தான் என்றதும் வண்டியில் வந்துவிட்டார். கையில் புத்தகம். கூட்டமில்லாத மதியங்களில் படித்திருக்கிறார். ஓரங்களில் எண்ணெய்க் கறை.

"படிச்சிட்டேன்" என்றார். "ஜெயில்ல எழுதித்தர மாட்டன்னு சொல்றாம் பாரு, அது ஷோக்கா இருக்குது. ஆனா ஒண்ணு கேக்கணும். ரெண்டாவது புள்ளன்னு எழுதிருக்க. மொத புள்ள இன்னா ஆனான்?"

நான் அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன்.

"இருநூறு பக்கம் படிச்சன், எங்கியுமே வர்ல. செத்துட்டானா?"

"இல்லணா. இருந்தாரு."

"பின்ன இன்னாத்துக்கு எழுதல?"

இரண்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். மூத்தவர் சிற்றூரில் அப்பா கடையையே நடத்திக்கொண்டிருந்தார். தம்பி சிறையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டதும், கடையைச் சாத்திவிட்டுப் பாரீசுக்கு நடந்தே வந்தார். சிறைவாசலில் ரொட்டியோடு நாள்கணக்கில் நின்றார். சில நாள் உள்ளே விட்டார்கள், பல நாள் துரத்தினார்கள். அதெல்லாம் முடிந்து, தம்பி புதிய பள்ளியில் ஆசிரியராக ஆன பிறகு, மூத்தவர் ஒருநாள் தம்பி பாடம் நடத்துவதைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனார். கடையில் போடுகிற உடுப்போடு வாசலில் நின்றார். யார் இவர் என்று மாணவர்கள் கேட்டபோது, எங்கள் ஊர்க்காரர், முன்பு என்னிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர் என்று சொல்லிவிட்டார் அந்த அறுவை மருத்துவர். மூத்தவர் வந்த வழியே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. சாகும் வயதில், தன் சிறைவாசத்தைவிட இதைத்தான் அவர் நீளமாக எழுதியிருந்தார். தன் தவறைக் கொஞ்சமும் மறைக்காமல் எழுதியிருந்தார். அதை நான்தான் என் புத்தகத்தில் விட்டுவிட்டேன்.

"நீ ஏன் விட்ட?" என்றார் அண்ணன்.

"ஆள் சின்னதாகிடுவார்னு தோணுச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்குமே அது பொய் என்று தெரியும். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மாதம் ஒருமுறை அண்ணன் பாகூரிலிருந்து சைக்கிளில் சாப்பாடு கொண்டுவருவார். அவர் சட்டையில் எப்போதும் வெட்டிய முடி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவரிடம், "ணா, ஹாஸ்டல் வாசலுக்கு வராத. பஸ் ஸ்டாப்புல நில்லு, நானே வந்து வாங்கிக்கறேன்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. படிப்பு முடியும்வரை பஸ் ஸ்டாப்பில்தான் நின்றார். அதற்கப்புறம் ஒருநாளும் நாங்கள் அதைப் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை.

பிறகு அண்ணன் சொன்னார்: "ஹெட்மாஸ்டரு ரெண்டு பக்கத்த கிழின்னான். கிழிக்க மாட்டன்னு நின்ன. சரிதான். அவன் சொல்றதுக்கு முன்னாடி நீயே ஒண்ணக் கிழிச்சிருக்க. அத்த போடு. அத்த போட்டீனா என் கடயில வெச்சிக்கலாம்."

"வாடிக்கை போயிடும்னு சொன்னியே?"

"போறவன் போவட்டும். அவனுங்க தாடி வளராமயா பூடும்?"

புத்தகம் ஏற்கெனவே தைத்து ஒட்டி வந்துவிட்டது. திரும்ப அடிக்க வழியில்லை. விட்ட பகுதியை நான்கு பக்கமாக எழுதி, அதே வில்லியனூர் அச்சகத்தில் தனித்தாளாக அடித்துக்கொண்டு வந்தேன். ஏன் விட்டேன் என்பதையும் கடைசியில் எழுதினேன். பஸ் ஸ்டாப்பையும் எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடிய பிறகு, அண்ணனும் அண்ணியும் நானும் சுழல் நாற்காலிகளில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் அந்தத் தாளைப் பசை தடவி ஒட்டினோம். அண்ணன் ஒட்டியவை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. நான் ஒட்டியவை கோணல். "சர்ஜனாம்" என்றார் அண்ணி. பஸ் ஸ்டாப் வரி வந்தபோது அண்ணன் ஒரு தடவை படித்தார். அடுத்த பிரதியை எடுத்துப் பசை தடவினார்.

செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் சலூன்களுக்கு விடுமுறை. வெளியீட்டை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வைத்தோம். அன்றைக்கு விடுப்பு எடுத்தேன். வாடகைக்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கி வெளியே சாலையோரம்வரை போட்டோம். எதிர்த்த டீக்கடையில் பெரிய வீட்டு ஆட்கள் சிலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யார் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. முதல் அரை மணி நேரம் எங்கள் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் உட்காரவில்லை. நடந்து போகிறவர்கள் நின்று, பார்த்து, நகர்ந்தார்கள்.

முதலில் வந்து உட்கார்ந்தது ஒரு மீன்காரம்மா. வீராம்பட்டினத்திலிருந்து பாகூருக்கு மீன் கொண்டுவருகிறவர். போன வருடம் சர்க்கரையால் அவர் காலில் இரண்டு விரல்களை நான்தான் எடுத்தேன். அண்ணன் அவருக்கும் சொல்லியிருந்தார் போல. காலியான மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு, வெளியே போட்ட நாற்காலிகளைத் தாண்டி உள்ளே வந்து, முடி வெட்டிக்கொள்ள ஆண்கள் உட்காருகிற சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாமா டாக்டரு, ஒக்காரலாமில்ல? காலு கடுக்குது."

"தாராளமா."

"எதுக்கால நிக்கறானுவளே, அவனுவ இன்னா வேடிக்க பாக்கறானுவ?"

"புத்தகத்துக்கு வரவங்களப் பாக்கறாங்க."

அவர் நாற்காலியை டீக்கடைப் பக்கம் சுழற்றினார். "பாருடா, நல்லாப் பாத்துக்க. நாளைக்கு மீனு வேணும்னு வருவ இல்ல?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். டீக்கடையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அபிஷேகப்பாக்கத்திலிருந்து நாற்று நட்டுவிட்டு வந்த பெண்கள் சிலர் வந்தார்கள். வாசகர் வட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தலைமை ஆசிரியர் வரவில்லை.

பெரிய மனிதர் யாரும் இல்லாததால் அண்ணனே வெளியிட்டார், மீன்காரம்மா வாங்கிக்கொண்டார். நான் முன்னுரையை வாய்விட்டுப் படித்தேன். சாணம் மெழுகிய இடத்தைப் படிக்காமல் விட்டுவிடுவேனோ என்று பயந்திருந்தேன். விடவில்லை. டீக்கடைக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே படித்தேன். பிறகு ஒட்டிய தாளையும் படித்தேன். இரண்டு முறை தண்ணீர் குடித்துப் படித்து முடித்தேன். அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் பயந்தது நடந்தது. பெரிய வீடுகளிலிருந்து யாரும் இப்போது அவர் கடைக்கு வருவதில்லை. அவர்களைச் சார்ந்திருக்கிற குடும்பங்களும் ஏசி சலூனுக்குப் போகின்றன. மூன்று நாற்காலியில் ஒன்று பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. என் புத்தகத்துக்கான விலையில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் அவர்தான். புதிதாகச் சிலர் வருகிறார்கள், குருவிநத்தம் ஆற்றுப் பக்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள், ஆனால் போனவர்களுக்கு அது ஈடாகாது. வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். "வேலையப் பாரு" என்றார்.

எனக்கு வந்தது வேறு மாதிரி. யாரோ பெயர் போடாமல் மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள். அரசு ஊழியர் சாதிக் கூட்டம் நடத்தினார், ஒரு குடும்பத்தை இழிவுபடுத்தி எழுதினார் என்று. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், என்மேல் அக்கறை உள்ளவர்.

"ஒரே வரி போதும் டாக்டர். மனம் புண்பட்டிருந்தா வருந்துகிறேன்னு எழுதிக் கொடுங்க. ஃபைலை மூடிடலாம்."

"யார் மனம் சார்?"

"அதெல்லாம் எதுக்கு? எழுதலைன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல? ஏனாமுக்குத் தூக்கி அடிப்பாங்க. ராத்திரி பூரா ரயில்ல போகணும்."

"ஏனாம்லயும் ஜனங்களுக்குச் சீழ் பிடிக்கும் சார். கீறத்தான் ஆள் வேணும்."

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அன்று தியேட்டரில் மூன்று கேஸ் இருந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் உட்கார்ந்து விளக்கத்தை எழுதினேன். புத்தகம் நான் எழுதியதுதான். கூட்டம் நடத்தியது என் அண்ணன் கடையில்தான். விடுப்பு எடுத்துத்தான் போனேன். முன்னுரையில் உள்ளது என் தகப்பனாருக்கு நடந்தது, அதில் திருத்தவோ வருந்தவோ எதுவும் இல்லை. இவ்வளவுதான் எழுதினேன். கூடவே ஒரு பிரதியையும் இணைத்தேன், ஒட்டிய தாள் இருக்கிற பிரதியாகப் பார்த்து. கடைசியில் கையெழுத்துப் போட்டு, தகப்பனார் தொழில் என்று யாரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்து, அதற்கு நேராக முடிதிருத்துதல், அறுவை வைத்தியம் என்று எழுதினேன்.

விளக்கம் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் பதில் இல்லை. எந்த நாளும் உத்தரவு வரலாம், வராமலும் போகலாம். ஏனாமும் எங்கள் அரசின் பகுதிதான், ஆனால் அங்கே பேசுகிற மொழி தெலுங்கு. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, பயப்படாதீர்கள் என்ற மூன்றையும் இப்போதே கற்றுக்கொண்டுவிட்டேன். எழுத்துகளைப் போன வாரம் தொடங்கியிருக்கிறேன்.